பள்ளிக்கூடமும் மாலை வகுப்பும் பேசிக்கணும்

(ஆதம்பாக்கம் பகுதி இளைஞர் கூட்டத்தில் நம் தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நாம தினமும் போஸ்டர் போடுறோம், கமெண்ட்ல பதில் சொல்றோம். ஆனா ஒரு கணக்கைப் பாருங்க. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். பெண்கள் மட்டும்னா 73.44. அதாவது ஏழு வயசும் அதுக்கு மேலயும் உள்ள பெண்கள்ல, நாலுல ஒருத்தருக்கும் மேல அப்போ எழுதப் படிக்கத் தெரியாது. நாம எழுதுற ஒரு வரி கூட அவங்களுக்குப் போய்ச் சேராது. பஸ் போர்டு, மாத்திரை அட்டை, பேங்க் சலான் எல்லாத்துக்கும் பக்கத்துல நிக்கிறவங்களைக் கேட்கணும்.

பிள்ளைகளைப் பள்ளிக்குள்ள கொண்டு வர்றதுல தமிழ்நாடு கில்லாடி. காமராசர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டு வந்த சத்துணவு, 2022-ல் காலை உணவுன்னு ஆட்சி மாறினாலும் அந்த வேலை நிக்கல. பள்ளிக்கு வெளியேயும் பெரிய வேலை நடந்திருக்கு.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்துச்சு. ஷீலா ராணி சுங்கத் அப்போ மாவட்ட ஆட்சியர். கல்குவாரியிலும் வயல்லயும் வேலை பார்த்த பெண்கள் எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள்ல ஊரையே கலக்கினாங்க. பாடம் எடுத்தவங்க நம்மள மாதிரி தன்னார்வலர்கள்தான். ஆனா இயக்கம் ஒரு அலை மாதிரி. அலை ஓஞ்சதும், புதுசா படிச்சவங்க தொடர்ந்து வாசிக்க ஒரு நிலையான இடம் வேணும். பழக்கம் விட்டா எழுத்து மறந்துடும்.

அந்த நிலையான இடம் பள்ளிக்கூடம்தான். இதுக்குச் சான்று சமீபத்துலயே இருக்கு. கொரோனாவால் 18 மாசம் பள்ளிகள் மூடியிருந்தப்போ, 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கினாங்க. சாயங்காலம், வீட்டுப் பக்கத்துலயே, தன்னார்வலர் நடத்துற வகுப்பு. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ மூணு பேரும் தமிழக கிராமங்கள்ல சுமார் 19,000 குழந்தைகளைச் சோதிச்சுப் பார்த்தாங்க. பள்ளி திறந்த ஆறு மாசத்துல, இழந்த படிப்புல மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் மாலை வகுப்பால் வந்தது. பெரும்பங்கு பள்ளி திறந்ததால வந்தது, கிட்டத்தட்ட கால் பங்கு மாலை வகுப்பு கொடுத்தது. ரெண்டும் சேர்ந்தப்பதான் பிள்ளைங்க வேகமா எழுந்தாங்க.

இதைச் சொன்னா சிலர், “அப்போ வாத்தியாருக்குப் பதிலா தன்னார்வலரே போதுமே”ன்னு ஆரம்பிப்பாங்க. கூடவே கூடாது. காலிப் பணியிடத்தை முறையா நிரப்பணும். தன்னார்வலர் துணைக்குத்தான்.

இன்ஜினியரிங் படிச்சவன் பாஷையில சொல்றேன்: ரெண்டு சிஸ்டமும் ஓடுது, நடுவுல கேபிள் இல்ல. ஒரு பொண்ணுக்குக் கூட்டல் வரும், கடன் வாங்கிக் கழிக்கும்போது தடுமாறுதுன்னு டீச்சருக்குத் தெரியும். சாயங்காலம் சொல்லிக் கொடுக்கிற அக்காவுக்குத் தெரியாது. அவங்க மறுபடி கூட்டலே சொல்லிக் கொடுப்பாங்க. அதனால மூணு விஷயம் கேட்போம்.

ஒண்ணு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கக் குறிப்பு நோட்டு. டீச்சர் ஒரு வரி, மாலை வகுப்பு அக்கா ஒரு வரி எழுதணும்.

ரெண்டு, பிள்ளை படிக்கிற பள்ளியிலயே மாலையில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் வகுப்பு. 15 வயசுக்கு மேற்பட்டவங்களுக்காக ‘புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்’ 2022 முதல் 2027 வரை இருக்கு. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் மூணாவது, அஞ்சாவது, எட்டாவதுக்கு இணையான படிப்பும் இருக்கு. கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டவங்களை அங்க வரைக்கும் கூட்டிட்டுப் போகணும்.

மூணு, படிப்பை நிறுத்தின பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கணும். 2009 கல்வி உரிமைச் சட்டம் 4-வது பிரிவுப்படி, வயசுக்கு ஏத்த வகுப்புல சேரவும், விட்டதைப் பிடிக்க சிறப்புப் பயிற்சி பெறவும் அவங்களுக்கு உரிமை இருக்கு. மேஸ்திரி வேலைக்கு ஊர் ஊராப் போற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம்.

இதையெல்லாம் எங்க பேசுறது? பள்ளி மேலாண்மைக் குழுவில். அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம்ம வீட்டு அம்மாக்கள் அங்க போய் பேசணும்.

நம்ம பங்கு வாரத்துல ரெண்டு சாயங்காலம், ஒன்றரை மணி நேரம். கமெண்ட்ல சண்டை போடுற நேரத்தை விடக் கம்மிதான். ஒரே ஒரு நிபந்தனை: கொடி, துண்டு, பேட்ஜ் எல்லாம் வாசலோட. வகுப்புல ஓட்டுப் பேச்சு வரக்கூடாது. எந்தக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் பக்கத்துல உட்கார வெச்சு சொல்லிக் கொடுக்கணும்.

பேர் கொடுக்க விரும்புறவங்க கூட்டம் முடிஞ்சதும் பகுதிப் பொறுப்பாளரைப் பாருங்க. எந்தக் கிழமை வர முடியும்னு சேர்த்தே சொல்லுங்க.



#எழுத்தறிவு #ஆதம்பாக்கம் #மாலைவகுப்பு