கியூபெக் பாலமும் வகுப்பறையும்



கனடாவில் பொறியியல் கற்று வெளிவருவோரில் பலர், வேலை செய்யும் கையின் சுண்டுவிரலில் எளிய மோதிரம் ஒன்றை அணிகின்றனர். பொன்னன்று, தொடக்கத்தில் இரும்பு, இன்று பெரும்பாலும் எஃகு. அதை அணியும் நாளில் ஏற்கும் உறுதிமொழியை முதன்முதலில் இயற்றியவர் ஒரு கவிஞர்: ருட்யார்ட் கிப்ளிங். டொரண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹால்ட்டைன் வேண்டியதற்கிணங்க எழுதப்பெற்ற அச்சடங்கு 1925ஆம் ஆண்டு முதன்முறையாக நிகழ்ந்தது. இடிந்த கியூபெக் பாலத்தின் இரும்பிலிருந்தே அம்மோதிரங்கள் செய்யப்பட்டன என்றொரு கதை உண்டு. கதைதான், உண்மையன்று. எனினும் அது பிறந்ததற்குக் காரணம் உண்டு.

செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல் எழுந்த அப்பாலத்தின் நடு இடைவெளி 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டப்பட்டது. நீளம் கூடினால் எடையும் கூடுமன்றோ? பாலத்தின் தன்னெடை உரிய காலத்தில் மீண்டும் கணக்கிடப்படவில்லை. பிழை தெரிந்தபோது வேலை வெகுதூரம் நடந்திருந்தது. கூடுதல் பாரத்தைப் பாலம் தாங்கும் என்றே ஆலோசனைப் பொறியாளர் தியோடர் கூப்பர் முடிவு செய்தார். அவர் இருந்ததோ நியூயார்க்கில்.

1907 ஆகஸ்டில், தூணருகே கீழ்ப்புறத்து எஃகுச் சட்டம் ஒன்று முக்கால் அங்குலம் வளைந்திருந்தது. மாத இறுதிக்குள் இரண்டேகால் அங்குலமாயிற்று. வரும்போதே வளைந்திருந்தது என்று வாதிட்டோரும் உண்டு. இளம்பொறியாளர் நார்மன் மக்ளூர் நியூயார்க் சென்று கூப்பரை நேரில் கண்டார். மேலும் பாரம் ஏற்றவேண்டாம் என்று கூப்பர் உடனே தந்தி அடித்தார். அது கியூபெக்குக்குச் செல்லவில்லை; பென்சில்வேனியாவிலிருந்த பாலக் குழுமத்துக்குச் சென்றது. அன்று, ஆகஸ்ட் 29 மாலை, வேலை முடியும் நேரத்தில் பாலம் சரிந்தது. 75 தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் 30க்கும் மேற்பட்டோர் கானவாகே ஊரின் மோஹாக் மக்கள். ஒரே மாலையில் அச்சிற்றூர் எத்தனை இல்லங்களில் ஆண்துணை இழந்தது! மறுபடி கட்டும்போது, 1916இல், நடுப்பகுதி ஆற்றில் வீழ்ந்து மேலும் 13 பேர் இறந்தனர். 1917இல்தான் பாலம் நிறைவுற்றது.

இவ்வரலாறு பல வகுப்புகளில் கணக்குப் பாடமாகவே நின்றுவிடுகிறது. அழுத்தம், நெளிவு, சூத்திரம், மணியடித்தது! கணக்கு வேண்டியதுதான். ஆனால் அளந்தவர்கள் சரியாகவே அளந்தார்கள். அளவு சொல்லாக மாறி, உரியவர் காதில் விழுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மாணவருக்கு முடிவைச் சொல்லாமல், ஆகஸ்ட் 27 அன்று தெரிந்திருந்தவற்றை மட்டும் ஆசிரியர் கொடுத்துப் பார்க்கலாம்: இரண்டு அளவுகள், மூன்று ஊர்களின் பெயர்கள், ஒரு தந்தித் தாள். எந்த ஊருக்கு எழுதுவது, எப்படி எழுதுவது?

சொல்லெண்ணி எழுதும் கவிஞர்களுக்கு இவ்வேலை புதிதன்று. மாணவரில் பலர் காரணங்களை அடுக்கித் தொடங்கக்கூடும். “ஆட்களை இறக்குக” என்னும் இரு சொற்கள் அத்தாளில் எத்தனையாவது வரியில் வருகின்றன என்பதை முதலில் பார்த்துவிட்டு ஆசிரியர் மதிப்பெண் இடட்டும்.