ஊவா மலைச்சாரலில் ஒரு சமூகம்

பதுளையிலிருந்து பசறை வழியாகச் செங்கலடிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, மலையை விட்டுப் பிபிலைப் பக்கம் இறங்குமுன் லுணுகலையைத் தொடுகின்றது. சிங்களத்தில் லுணு என்பது உப்பு. கல என்பது பாறை. கடலற்ற ஊவாவுக்கு உப்பு ஒரு காலத்தில் கடலோரத்திலிருந்து பொதிமாடுகளின் முதுகிலேயே வந்தது. இவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களின் தமிழ் மக்களும் கடல் கடந்து கரையேறி, பின்னர் மலையேறியவர்களேயாவர்.

1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது ஊவாவின் கிராமங்கள் பாழ்பட்டன. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய நிலச் சட்டத்தின் பின்னர் மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களாக மாறின. தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரை மாய்த்தன. கோப்பி பறிக்கும் பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக மக்கள் லயங்களில் தங்கினர். ஒரு செடியின் இயல்பே ஒரு சமூகத்தை இத்தீவில் வேரூன்றச் செய்தது எனலாம்.

தங்கியவர்களைக் கட்டிவைத்தது கடன். கங்காணி கொடுத்த முன்பணம் 'துண்டு' என்னும் சீட்டில் எழுதப்பட்டது. அதைத் தீர்க்காமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மூன்றாண்டுகளின் பின் பதுளைக்குப் புகைவண்டி வந்தது. லுணுகலைக்கு அது வரவேயில்லை.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டமோ, 1946க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. எழுத்தறியாத தொழிலாளியிடம் பத்திரம் ஏது? தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்திற் பெயர் இருந்தால் உண்டு. தாயாரின் சாவுக்கோ சகோதரியின் திருமணத்துக்கோ ஊர் சென்று ஓராண்டுக்கு மேல் தங்கியவர், அதனாலேயே தகுதியிழக்கவும் கூடும். ஏறக்குறைய 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. 1,34,000 பேர் அளவிலேயே உரிமை பெற்றனர்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாக ஏற்றன. அம்மக்களின் கருத்தை எவரும் கேட்டாரில்லை. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியராகவும் தம்பி இலங்கையராகவும் ஆயினர். தலைமன்னார்க் கோச்சியில் ஏறியவர்களுட் சிலர் நீலகிரியில், அவர்களுக்கென்றே 1968இல் தொடங்கப்பெற்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில், மீண்டும் கொழுந்தே பறித்தனர். பிறந்த நாட்டில் இந்தியர் எனப்பட்டவர்கள் அங்கே சிலோன்காரர் எனப்பட்டனர்! 1984இல் கப்பல் நின்றது. போகவேண்டியவர்கள் பலர் இங்கேயே தங்கினர்.

நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடனேயே தீர்ந்தது. வாக்கு வந்தது, மண் வரவில்லை. தோட்டத்து லயங்கள் பலவற்றுக்கு இன்றும் தனி இலக்கமோ தெருப்பெயரோ கிடையாது. கடிதம் வந்தால், தோட்டத்துக் கந்தோரிலேயே முதலில் இறங்குகின்றது.