எழுதுமுன் கேட்க வேண்டும்



இந்தத் தலைப்புக்குப் புதுப்பட்டினம் பொருத்தமான இடம். பக்கத்தில், கல்பாக்கத்தில் இருக்கும் சோதனை ஈனுலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாகத் தொடர்வினையை எட்டியது. அங்கே பணியாற்றியவர்கள் இந்த ஊரில் பல வீடுகளில் இருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில் கை வைப்பதற்கு முன் ‘இப்போது இது என்ன நிலையில் இருக்கிறது, எதற்காகத் தொடுகிறோம்’ என்று எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்கும் பழக்கத்தில் ஊறியவர்கள் அவர்கள். சாதன டிரைவர் எழுதும் நம்மிடம் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. நான் இன்று பேச விரும்புவது அந்தக் குறையைப் பற்றித்தான்.

டிரைவர் சாதனத்துக்குள் ஏற்றும் ஃபர்ம்வேரை நிலைபொருள் என்று எழுதுகிறோம். ஆய்வகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் ஃபர்ம்வேர் என்றே பேசுகிறேன்.

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. ஒரே வைஃபை சில்லுக்கு இரண்டு இயக்குதளங்கள், இரண்டு டிரைவர்கள், இரண்டு ஃபர்ம்வேர் கோப்புகள். இப்படி இரண்டு இயக்குதளம் போட்ட எந்தக் கணினியிலும் ஒரு கோளாறு வரலாம். ஒன்றிலிருந்து ரீஸ்டார்ட் செய்து மற்றொன்றுக்குப் போனால் வைஃபை எடுக்காது. முழுவதும் அணைத்துவிட்டுப் போட்டால் எடுக்கும். காரணம், ரீஸ்டார்ட்டில் சில்லுக்கு மின்சாரம் நிற்பதே இல்லை. முந்தைய இயக்குதளம் ஏற்றிய ஃபர்ம்வேர் இன்னும் அதன் ராமில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக வந்த டிரைவர், ‘ஃபர்ம்வேர் ஓடுகிறதா’ என்று மட்டும் கேட்கிறது. ஓடுகிறது என்று பதில் வந்ததும் தன் கோப்பை ஏற்றாமல் விட்டுவிடுகிறது. ஓடுவது யாருடைய ஃபர்ம்வேர் என்று அது கேட்டிருக்க வேண்டும். தேவையற்ற ஏற்றத்தைத் தவிர்க்கப் போய்த் தேவையான ஏற்றத்தையே தவிர்த்துவிட்டது.

ஆகவே மறுபடி ஏற்றுவதெல்லாம் வீண் என்று முடிவுகட்டிவிட முடியாது. இன்டெல் செயலியின் மைக்ரோகோடை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். ஒவ்வொரு பூட்டிலும் ஏற்றித்தான் ஆக வேண்டும், கணினி உறங்கி எழுந்தாலும் ஏற்ற வேண்டும். ஆனால் ஹைப்பர்த்ரெடிங் உள்ள செயலியில் ஒரே கோருக்கு இரண்டு திரெட்கள். ஒன்றில் ஏற்றினால் மற்றதுக்கும் சேர்ந்தே வந்துவிடும். லினக்ஸ் கெர்னல் இரண்டாவது திரெடுக்கு வரும்போது செயலியிடமே பதிப்பு எண்ணைக் கேட்கிறது, ஏற்கெனவே புதியது இருந்தால் விட்டுவிடுகிறது. வட்டில் இருக்கும் குறிப்பை நம்பாமல் சாதனத்தின் வாயாலேயே நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நிரல் பகுதிகளில் இது ஒன்று.

ராமில் வீணாக ஏற்றினால் சில நூறு மில்லிநொடி போகும், அவ்வளவுதான். ஃபிளாஷில் எழுதுவது அப்படியல்ல. பல மைக்ரோகன்ட்ரோலர்களின் உள் ஃபிளாஷ் 10,000 முறை அழித்தெழுதத்தான் உத்தரவாதம் பெற்றது. பத்தாயிரம் என்பது பெரிய எண்ணாகத் தெரியும். நான் ஆலோசகராகப் போயிருந்த ஓர் இடத்தில் அது எவ்வளவு சிறிய எண் என்று கண்ணால் பார்த்தேன். யூஎஸ்பி வழியாக இணையும் ஓர் அளவீட்டுக் கருவி. கோப்பின் தலைப்பில் 1.10 என்று பதிப்பு. எழுதி முடித்த பின் கருவி தன்னை 1.10-B என்று சொல்லிக்கொள்ளும். டிரைவர் இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டது. பொருந்தவில்லை, எழுதியது. எழுதியதும் கருவி ரீசெட் ஆகி, துண்டித்து மறுபடி இணைந்தது. இணைந்ததும் டிரைவர் மறுபடி ஒப்பிட்டது, மறுபடி எழுதியது. சுற்று ஒன்றுக்கு மூன்று நிமிடம், நாளுக்கு 480 சுற்று. 21 நாளில் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும் கணக்கு அது. திரையில் ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் ‘புதுப்பித்தல் வெற்றி’ என்றே லாக் சொன்னது. நடுவில் ஒரு நாள் மின்வெட்டு வந்தது. பாதி அழித்த நிலையில் நின்ற கருவி அதன்பின் எழவே இல்லை. தேய்மானத்தைவிட அந்தப் பாதி நிலைதான் எனக்கு அச்சம் தருவது. வீணாக எழுதும் ஒவ்வொரு முறையும், இல்லாத ஓர் ஆபத்தின் கதவை நாமே திறந்து வைக்கிறோம்.

எழுதும் வழி திறந்தே கிடந்தால் என்ன ஆகும் என்பதை 2008 செப்டம்பரில் உலகமே பார்த்தது. லினக்ஸ் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளைப் போட்டவர்களின் கணினிகளில், e1000e டிரைவர் இயக்கும் இன்டெல் நெட்வொர்க் சில்லுகளின் நிலை நினைவகம் சிதைந்துபோனது. எல்லோரும் அந்த டிரைவரையே சந்தேகித்தார்கள். தேடிப் பார்த்தால், கெர்னலின் இன்னொரு மூலையில் இருந்த எஃப்டிரேஸ் என்ற தடமறியும் வசதி தவறான முகவரியில் எழுதியிருந்தது. எஃப்டிரேஸைத் திருத்தியது ஒருபுறம் இருக்க, அந்த நினைவகத்தையும் எழுத முடியாதபடி டிரைவர் பூட்டி வைக்கத் தொடங்கியது. தேவைப்படும் நொடியைத் தவிர மற்ற நேரமெல்லாம் பூட்டியே இருக்க வேண்டும் என்ற பாடத்துக்கு இத்தனை கணினிகள் பலியாக வேண்டியிருந்தது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சாதனத்தைக் கண்டதும் ஃபிளாஷில் எழுதும் முடிவை கெர்னல் டிரைவர் தானாக எடுக்கக் கூடாது. ராமில் ஏற்றுவது அதன் வேலை. ஃபிளாஷைப் புதுப்பிக்கும் முடிவு மேலே, மனிதர் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். ரிச்சர்ட் ஹியூஸ் 2015-இல் தொடங்கிய எஃப்டபிள்யூயூபிடி (fwupd) என்ற ஃபர்ம்வேர் புதுப்பிக்கும் நிரல் அந்த வழியில்தான் போகிறது. அதே பதிப்பையோ பழையதையோ போடச் சொன்னால் அது மறுக்கும். வேண்டும் என்று பயனர் தனியாகச் சொன்னால்தான் போடும். அந்த விதிவிலக்கும் அவசியம். பதிப்பு எண் சரியாக இருந்து உள்ளடக்கம் கெட்டிருக்கும் சாதனத்தை மீட்க வேறு வழி கிடையாது.

மேலே நகர்த்த முடியாத சாதனங்கள் உண்டு, தெரியும். அவற்றுக்காவது பதிப்பை எண்ணாகப் பிரித்து ஒப்பிடுங்கள். எழுதிய பின் சாதனத்திடம் திரும்பக் கேளுங்கள். எதிர்பார்த்த பதில் வரவில்லையென்றால் இன்னொரு முறை எழுதாமல் நின்று, உரக்கச் சொல்லுங்கள்.

இன்று கட்டுரை வாசிக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் டிரைவர் எவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கிறது என்று சொல்வதற்கு முன், முதல் செக்டரை அழிப்பதற்கு முன் அது சாதனத்திடம் என்னென்ன கேட்கிறது என்று சொல்லுங்கள். எழுதும்போது நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்தீர்களா, எத்தனை முறை பிடுங்கினீர்கள், எத்தனை கருவி எழுந்தது என்பதையும் சொல்லுங்கள். பிடுங்கிப் பார்க்கவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.