காளையும் நடுகல்லும்

(திருச்சுழியில் ஆற்றிய உரை)



வானம் பார்த்த பூமி நம்முடையது. டிராக்டரும் பம்புசெட்டும் வருமுன் இங்கே ஏர் இழுத்ததும், கமலை இறைத்ததும், பாரவண்டி இழுத்ததும் காளைதான். ஆகவே காளையோடு மல்லுக்கு நிற்கும் பழஞ் சித்திரங்களைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. அந்தச் சித்திரங்களில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்போம்: விழுந்தவன் எங்கே?

மொகஞ்சதாரோவில் கிடைத்த முத்திரை ஒன்று டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயது 4,000 ஆண்டுக்கு மேல். கொம்புள்ள விலங்கொன்று; அதைச் சுற்றி அந்தரத்தில் மனித உருவங்கள். பல பேர் என்பர் சிலர்; தூக்கி எறியப்பட்ட ஒரே ஆளின் பல நிலைகள் என்பர் வேறு சிலர். காளையா, எருமையா என்றும் வாதம் உண்டு. எப்படியாயினும், விழுகிறவனை அந்தக் கைவினைஞன் மறைக்கவில்லை.

கிரீட் தீவின் நோசாஸ் அரண்மனைச் சுவரோவியத்தைப் பாருங்கள். கி.மு. 1450 வாக்கில் தீட்டியது. பாயும் காளையின் முதுகின்மேல் ஒருவர் கரணம் போடுகிறார். முன்னும் பின்னும் இருவர். யார் கையிலும் ஆயுதமில்லை, யாருக்கும் காயமுமில்லை! அரண்மனைச் சுவரில் அழகுக்கு மட்டுமே இடம்.

ஸ்பெயினிலே 1816ல் கோயா 33 செதுக்குச் சித்திரங்களை வெளியிட்டார். ஒன்றில் காளை பார்வையாளர் வரிசைக்குள் பாய்ந்து, டோரெஹோன் ஊர்த் தலைவரைக் கொம்பில் ஏந்தி நிற்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவரும் செத்தார் என்பதை அவர் ஒளிக்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். சேலம் மாவட்டம் கருமந்துறைப் பகுதியில் கிடைத்த நடுகல்லில் காளையும் வீரனும் செதுக்கப்பட்டுள்ளனர். கோவூரிச் சங்கன் என்பவன் எருது விளையாடி இறந்தான், அவன் மகன் கல் நட்டான் என்கிறது எழுத்து. மெய்க்கீர்த்தி இல்லை, விருதுப் பெயர் இல்லை. தகப்பனை இழந்த மகனின் கல் அது! முத்திரையில் விழுந்தவனுக்குப் பெயரில்லை, இவனுக்குப் பெயருண்டு.

தோழர்களே! 2014 மே 7ல் ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் ஊர்தோறும் இளைஞர் திரண்டனர், சட்டம் பிறந்தது. 2023 மே 18ல் அச்சட்டம் செல்லும் என நீதிமன்றமே தீர்ப்பளித்தது. உரிமை கிடைத்தது, சரி. இன்றும் ஆண்டுதோறும் மாடுபிடி வீரரும் பார்வையாளரும் உயிரிழக்கிறார்களே, அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறதா? வென்றவன் படம் சுவரெங்கும் இருக்கிறது. விழுந்தவன் பெயரை மறுவருஷம் யார் சொல்கிறார்கள்?

விழுந்தவன் குடும்பத்தைக் காப்பது விழா நடத்துவோர் கடமை, அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது நம் கடமை. கண்மாய்க் கரையிலோ காட்டிலோ உருவம் செதுக்கிய கல்லைக் கண்டால் அதைத் துணி துவைக்கும் கல்லாக்காதீர்கள். அதுவும் யாரோ ஒரு மகன் நட்ட கல்லாயிருக்கும்.