‘ஃபனி போய்’: எந்த வகுப்பிலும் சேராத சிறுவன்

இலங்கையரின் ஆங்கிலப் படைப்புகள் பற்றித் தமிழில் பேசுவோர் பெரும்பாலும் மைக்கல் ஒண்டாச்சியில் தொடங்கி அவரிலேயே முடித்துவிடுவார்கள். இன்று நான் ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ என்ற நாவலை எடுத்துக்கொள்கிறேன். இந்நூல் 1994 இல் வெளிவந்தது. நூலாசிரியர் 1965 இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை தமிழர், தாயார் சிங்களவர். 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின்னர் குடும்பத்தோடு கனடா சென்று குடியேறினார். இது அவரது முதல் நாவல். ஆறு கதைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்பதால் சிறுகதைத் தொகுதியாகவும் இதை வாசிக்கலாம். கனடாவில் முதல் நாவலுக்கான பரிசும், அமெரிக்காவில் லாம்ப்டா இலக்கிய விருதும் இதற்குக் கிடைத்தன.

தலைப்பைத் தமிழாக்க முயன்றால் ‘வேடிக்கையான பையன்’ என்று வரும். அது பொருந்தாது. நமது பேச்சு வழக்கில் குரலைத் தாழ்த்தி, “பொடியன் ஒரு மாதிரி” என்று சொல்வார்களே, அந்த ‘ஒரு மாதிரி’தான் இந்த ‘ஃபனி’. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் விளங்கிவிடும். அந்தப் பையனுக்கு மட்டும் விளங்காது.

கதை சொல்லும் அர்ஜி, கொழும்பில் வசதியாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப்பிள்ளைகள் எல்லோரும் பாட்டன் பாட்டி வீட்டில் கூடுவார்கள். பையன்கள் முன்புறத்தில் கிரிக்கெட் விளையாடுவார்கள். பெண்பிள்ளைகள் பின்வளவில் கல்யாண விளையாட்டு விளையாடுவார்கள். அர்ஜி பின்வளவுக்காரன். சேலை சுற்றி மணமகளாக நிற்பவன் அவன்தான். வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு மச்சாள் அந்த இடத்துக்குப் போட்டியிடுகிறாள், சண்டை வருகிறது, ஒரு அன்ரி அவனைச் சேலையோடு பெரியவர்கள் இருக்கும் மண்டபத்துக்கு இழுத்துச் செல்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். தகப்பன் சிரிக்கவில்லை. அன்று முதல் அவன் முன்புறத்துக்கு அனுப்பப்படுகிறான். ஏன் என்று தாயிடம் கேட்கிறான். அவளிடம் பதில் இல்லை.

அடுத்துவரும் கதைகளில் இதே குடும்பம் இனத்தின் பெயரால் வதைபடுகிறது. ராதா அன்ரி ஒரு சிங்கள இளைஞனை விரும்புகிறாள். ஐம்பதுகளின் கலவரத்தில் தன் தந்தையைப் பறிகொடுத்த பாட்டி அதைச் சகிப்பதாயில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் வழியில் ராதா பயணம் செய்த ரயில் தாக்கப்படுகிறது. பிறகு ஒரு பறங்கியப் பத்திரிகையாளரின் கதை, ஓர் இளைஞனின் கதை. இவ்விரண்டிலும் செய்தித்தாள் வாடை சற்றுத் தூக்கலாக இருக்கிறது. வடக்கைக் கொழும்பு வீட்டின் யன்னலுக்குள்ளால் பார்ப்பது போலத்தான் பார்க்க முடிகிறது. ஆனால் ஐந்தாவது கதையான பாடசாலைக் கதைக்காகவே இந்நூலை இருமுறை வாசிக்கலாம் என்பேன்.

பிள்ளை ‘ஒரு மாதிரி’ ஆகிவிடக்கூடாது, ஆண்பிள்ளையாக வளர வேண்டும் என்பதற்காகவே தகப்பன் அவனை விக்டோரியா அக்கடமி என்ற கட்டுப்பாடான பாடசாலைக்கு மாற்றுகிறார். அங்கே முதல் நாளே வேறொரு சிக்கல். எதிர்காலம் சிங்களத்தில்தான் என்று எண்ணிய தகப்பன் ஆரம்பத்திலிருந்தே அவனைச் சிங்களமொழிமூல வகுப்பில் சேர்த்திருந்தார். ‘நீ தமிழன், தமிழ் வகுப்புக்குப் போ’ என்று சக மாணவன் ஒருவன் வழிமறிக்கிறான். அர்ஜிக்கோ தமிழ் தெரியாது. பின்வளவில் இடமில்லை, முன்புறத்தில் அவனுக்கு விருப்பமில்லை. இப்போது வகுப்பறையிலும் அதே கதைதான். அவ்வேளையில் அவனுக்காக வாய் திறப்பவன் ஷெஹான் என்ற சிங்கள மாணவன். அவர்களுக்குள் காதல் மலர்கிறது. தகப்பன் எதற்குப் பயந்து அங்கே அனுப்பினாரோ, அது அங்கேதான் நடக்கிறது.

இனி வருவதுதான் நாவலின் உயிர். அப்பாடசாலையைச் சிங்கள பௌத்தப் பாடசாலையாக்க உப அதிபர் முயல்கிறார். எல்லா இனத்தவருக்கும் உரியதாக வைத்திருக்க விரும்புபவர் அதிபர். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப் பெயர் ‘பிளாக் டை’. தமிழ் மாணவர்களின் நம்பிக்கை அவரில்தான் தங்கியிருக்கிறது. ஆனால் அவர் கொடியவர். ஷெஹானின் நீண்ட தலைமயிரைத் தன் கையாலேயே வெட்டியவர். அவரது பிரம்புக்கு ஓய்வில்லை. பரிசளிப்பு விழாவில், அதிகாரமுள்ள பிரதம விருந்தினர் முன்னிலையில், பாடசாலை நாட்களைப் போற்றும் இரு பழைய ஆங்கிலக் கவிதைகளை அர்ஜி ஒப்புவிக்க வேண்டும். அதைத் தொட்டுத்தான் அதிபரின் உரை. அந்த உரையால் விருந்தினரின் ஆதரவைப் பெற்றுப் பதவியைத் தக்கவைப்பது அவர் திட்டம். நன்றாக ஒப்புவித்தால் தமிழ் மாணவர்களுக்குப் பாதுகாப்பு. குழப்பினால் ஷெஹானுக்கு விமோசனம்.

அர்ஜி குழப்புகிறான். தெரிந்தே, வரிகளை வெட்டியும் மாற்றியும் ஒப்புவிக்கிறான். அதிபரின் உரை அர்த்தமற்றதாகிறது.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் ஒருவருக்கு மனம் பதறுவது இயல்பு. ‘தன் இனத்துப் பிள்ளைகளை விட்டுவிட்டானே’ என்று தோன்றும். செல்வதுரையும் அவனை நியாயவாதியாக்கிக் காட்டவில்லை. ஆனால் அவனிடம் கேட்கப்பட்டது என்ன? ‘இப்போது இனந்தான் முக்கியம், உன்னுடைய விஷயத்தைப் பிறகு பார்க்கலாம்’ என்பதுதானே? இந்தப் ‘பிறகு’ நமக்குப் பழக்கமானது. டானியல் ‘பஞ்சமர்’ எழுதிய 1972 ஆம் ஆண்டுக் காலத்திலும் சாதிக் கொடுமை பேசுவோர் தமிழரைப் பிரிக்கிறார்கள் என்றார்கள். பெண்கள் தம் வலியைக் கவிதையாக்கியபோதும் அதே குரல் எழுந்தது. ஓரினக் காதல் கொண்டவனுக்கு அந்தப் ‘பிறகு’கூடச் சொல்லப்படுவதில்லை. அவன் இருக்கிறான் என்பதையே ஒப்புக்கொள்வதில்லை.

சட்டமும் அவனை ஒப்புக்கொண்டது குற்றவாளியாகத்தான். ஆங்கிலேயர் 1883 இல் தந்த தண்டனைச் சட்டக்கோவையின் வழிவந்த 365அ பிரிவு, ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டித்தது. இந்நாவல் வெளிவந்த மறு ஆண்டு, 1995 இல், அது திருத்தப்பட்டது. நீக்குவதற்காக அல்ல, ‘ஆண்’ என்ற சொல்லை எடுத்துப் பெண்களையும் உள்ளடக்குவதற்காக. இதைக் குற்றமற்றதாக்கும் தனிநபர் சட்டமூலம் ஒன்று அரசியலமைப்புக்கு முரணானதல்ல என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

தீபா மேத்தா இந்நாவலைத் திரைப்படமாக்கினார். 2020 இல் வெளிவந்தது. கனடா அதைச் சர்வதேசப் படப் பிரிவில் ஒஸ்காருக்கு அனுப்பியது. உரையாடலில் பாதிக்கு மேல் ஆங்கிலம் என்று அந்தப் பிரிவில் ஏற்கவில்லை. தமிழர் தரப்புக் கண்டனம் வேறு வகையானது. முக்கிய தமிழ்ப் பாத்திரங்கள் பலவற்றில் தமிழர் அல்லாதோர் நடித்ததும், பேசப்பட்ட கொஞ்சத் தமிழும் சிதைந்திருந்ததும் அவர்களைப் புண்படுத்தின. கண்டித்தவர்களில் கனடாவில் வாழும் ஓரினக் காதல் கொண்ட தமிழர்களும் இருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. தங்களைப் பற்றி எழுந்த முதல் பெரிய படத்திலேயே தங்கள் மொழி கேட்கவில்லை என்பது அவர்கள் மனக்குறை. அர்ஜியின் தமிழ் தடுமாறினால் அது கதைக்கு முரணாகாது; அவன் படித்தது சிங்களம். ஆனால் பாட்டியின் நாவில் தமிழ் தடுமாறலாமா? தமிழரென்பதால் தந்தையை இழந்தவர் அவர். அதை மொழிக் குறை என்று மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதே வேளை, ‘உச்சரிப்புச் சரியில்லை’ என்ற ஒரே வசனத்தோடு அந்தச் சிறுவனைப் பற்றிப் பேசாமல் நழுவிய நம்மவரும் உண்டு. இவர்களுடைய கோபத்தையும் அந்த இளைஞர்களின் கோபத்தையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

நாவலின் கடைசிப் பகுதி 1983 ஜூலையைச் சொல்லும் நாட்குறிப்பு. அதுவரை அழகாக விரிந்த வசனம் இங்கே திகதிகளாகச் சுருங்கிவிடுகிறது. வீடு எரிகிறது. பாட்டனும் பாட்டியும் காரோடு எரிக்கப்படுகிறார்கள். குடும்பம் கனடாவுக்குப் புறப்பட ஆயத்தமாகிறது. ஷெஹான் பார்க்க வருகிறான். எப்போதும் போலப் பேச முயல்கிறான். அவன் சிங்களவன், தான் சிங்களவன் அல்ல என்பது அப்போதுதான் அர்ஜிக்கு உறைக்கிறது. அன்பு குறையவில்லை, நடுவில் ஏதோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. புறப்படுமுன் ஷெஹானிடம் போய் விடைபெற்றுக்கொண்டு, மழையில் சைக்கிளில் எரிந்த வீட்டுக்கு வருகிறான். எரியாமல் எஞ்சியவற்றையும் எடுத்துப் போயிருக்கிறார்கள்.