அபயம் தந்தவர் இல்லத்துக்கு அபயம்

(திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதியில் நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

படைவீரர் குடும்பங்களுக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமை குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், "எறும்புக்கும் தீங்கு நினையாதவர்கள் நீங்கள், உங்கள் விழாவில் படைவீரரைப் பற்றிய பேச்சு எதற்கு?" என்று வினவினார். நேர்மையான வினா. அதற்கு விடை கூறியே தொடங்குகிறேன்.

நம் அறம் துறவிக்கு மாவிரதத்தையும் இல்லறத்தானுக்கு அணுவிரதத்தையும் வகுத்தது. இம்சையையும் நால்வகையாகப் பகுத்தது. வேண்டுமென்றே கருதிச் செய்வது சங்கல்ப இம்சை. சமையல், துப்புரவு போன்ற இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப இம்சை. வாழ்வுக்கான தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தாக்க வருவோரைத் தடுக்கையில் நேர்வது விரோத இம்சை. முதலாவதை இல்லறத்தான் அறவே கைவிட வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். காத்தலை நம் அறம் இல்லறத்தானுக்கு முற்றும் விலக்கவில்லை; பகைமையைப் போற்றவோ அது இடம் தரவில்லை.

சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரை நாம் அனைவரும் தரிசித்திருக்கிறோம். ஏறத்தாழ கி.பி. 981-இல் அத்திருமேனியை எழுப்பிய சாமுண்டராயர் கங்க மன்னரின் படைத்தலைவர். அவர் வணங்கத் தேர்ந்ததோ வென்ற நாட்டையும் துறந்து தவம் மேற்கொண்ட பாகுபலியை. பரதனும் பாகுபலியும் எதிர்நின்றபோது, படைகள் மடியலாகாது என்றெண்ணி, அமைச்சர்கள் உடன்பிறந்தோர் இருவர் மட்டுமே தம்முள் பொருதுமாறு செய்தனர் அல்லவா? வீரன் ஒருவனின் உயிரும் விலைமதிப்பற்றது என்பதே அக்கதையின் உட்பொருள். அவ்வுயிரைப் பணயம் வைத்தோரின் இல்லங்களைப் பேணுதல் அகிம்சைக்குப் புறம்பாகுமா? அது அகிம்சையின் ஒரு கூறே ஆகும்.

இனி, இம்மண்ணின் மரபுக்கு வருகிறேன். இந்தப் பகுதியின் வாயிலில் ஓடும் செங்கம் சாலையில் நாள்தோறும் போகிறோம், வருகிறோம். இதே சாலை மேற்கே கொண்டு சேர்க்கும் செங்கம் வட்டாரம் நடுகற்களால் புகழ்பெற்றது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என அவற்றை நூலாகவே வெளியிட்டது. ஊரின் ஆநிரையை மீட்கப் பொருது பட்ட எளிய மனிதர்களே அக்கற்களில் பெரும்பாலும் நிற்கின்றனர். அவ்வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயும் இடம்பெற்றுள்ளது. நாயின் நன்றியையும் பெயர் சொல்லிக் கல்லில் பொறித்த ஊர் நம் ஊர்.

நம் முன்னோர் கல்லோடு நின்றுவிடவில்லை. பட்ட வீரனின் குடும்பத்தார் வாழ்வதற்கு நிலம் அளித்தனர். கல்வெட்டுகள் அதனை உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் குறிக்கின்றன. நெய்த்தோர் என்பது குருதியைக் குறிக்கும் பழஞ்சொல். கல் இறந்தவனுக்கு, நிலம் இருப்பவர்களுக்கு. இரண்டும் சேர்ந்ததே முழுமையான நன்றி.

அன்று வீரன் தன் ஊர் ஆநிரைக்காகப் பட்டான். இன்று இராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூரில் பிறந்த ஹவில்தார் பழனி, 2020 ஜூனில், தான் பிறந்த மண்ணுக்கு நெடுந்தொலைவில் உள்ள கல்வான் பள்ளத்தாக்கில் உயிர் துறந்தார். அண்டையில் உள்ள வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே மக்கள் வழங்குகின்றனர். நம் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் படைக்குப் பிள்ளையை அனுப்பிய தெருக்கள் உண்டு. மண்பற்று என்பது அத்தெருக்களை அறிந்து வைத்திருப்பதில் தொடங்குகிறது.

என் பிழை ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் படையில் ஓட்டுநராக இருந்தார். மலைச்சாலையில் வண்டி கவிழ்ந்து இறந்தார். இறுதி ஊர்வலத்தில் ஊரே திரண்டது. நானும் இரங்கலுரை ஆற்றினேன், பலர் பாராட்டினர். அதன்பின் ஓராண்டுக்கு மேலாக அவ்வீட்டுப் பக்கம் நான் செல்லவே இல்லை. பிறகு ஒருநாள் அவர் மனைவியைக் கடைத்தெருவில் கண்டேன். கணவரின் பணிப்பதிவேட்டில் அவர் பெயர் ஒருவகையாகவும், ஆதார் அட்டையில் வேறொரு வகையாகவும் எழுதப்பட்டிருந்தது. அந்த ஓர் எழுத்து வேறுபாட்டால் சேர வேண்டிய தொகை நின்றிருந்தது. எங்கே, எவரிடம், எதை எழுதித் தருவது என்று அவருக்குச் சொல்வார் இல்லை. வாழ்நாள் முழுதும் பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளைத் திருத்திய எனக்கு, அந்த ஓர் எழுத்தைத் திருத்தித் தர அதுவரை தோன்றவில்லை. இரங்கலுரை நடுகல் போன்றது. அவருக்கு வேண்டியிருந்ததோ உதிரப்பட்டி.

ஆதலின் நம் அறம் கூறும் நால்வகைத் தானங்களையே வழிமுறையாகக் கொள்வோம்.

ஆகார தானம்: துயர் நேர்ந்த முதல் திங்களில் அவ்வில்லத்துக்கு உணவு செல்ல வேண்டும். பிறகும் விழா நாள்களில் அவர்களை அழைத்து நம்முடன் உண்ணச் செய்ய வேண்டும்.

ஔடத தானம்: மகன் எல்லையில் இருக்க, முதிய பெற்றோர் இங்கே தனித்திருப்பர். அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல, தெருவுக்கு ஓர் இளைஞர் முன்வர வேண்டும்.

சாத்திர தானம்: நம்மில் ஓய்வு பெற்ற ஆசிரியர் பலர் உள்ளோம். அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் கட்டணமின்றிப் பாடம் சொல்லித் தரலாம். விண்ணப்பம் எழுதித் தருவதும் சாத்திர தானமே. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உள்ளது. குடும்ப ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை முதலியன உள்ளன. அவற்றை அடையும் வழி அறிந்த ஒருவர் உடன் செல்ல வேண்டும், அவ்வளவே.

அபய தானம்: தானங்களுள் தலையாயது. நாம் இரவில் அஞ்சாது உறங்குவது எங்கோ ஒருவன் விழித்திருப்பதால். அபயம் தந்த அவன் இல்லத்தில் அச்சம் குடியிருத்தல் தகுமா? "நாங்கள் இருக்கிறோம்" என்னும் சொல்லும், அச்சொல் பொய்க்காத வருகையும் நாம் திருப்பித் தரும் அபயம்.

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடிநாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று உண்டியலில் பணம் இடுவதோடு அமையாது, அந்நாளுக்குள் நம் தெருக்களில் வாழும் படைவீரர் குடும்பங்களின் பட்டியலை எழுதி முடிப்போம். சமணர் இல்லமா, பிறர் இல்லமா என்று பாராமல் எழுதுவோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நம்முள் ஒருவர் பெயர் இருக்கட்டும். முதல் வீட்டுக்கு எதிரே என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

திருவறம் வளர்க!