காசில்லாக் கப்பல் சவாரி

நியூயார்க் என்றதும் பலருக்கும் கை தானாக பர்ஸைத் தடவும். அந்த ஊரிலும் சல்லிக்காசு இல்லாமல் ஒரு கப்பல் சவாரி இருக்கிறது!

மன்ஹாட்டனின் தென்கோடியிலிருந்து ஸ்டேட்டன் தீவுக்கு ஆரஞ்சு நிறப் படகுகள் இரவு பகலாக ஓடுகின்றன. 1997 முதல் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கான படகுதான். அவர்கள் தலைநிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் வலப்பக்கம் நில்லுங்கள். கையில் தீபத்தோடு சுதந்திர தேவி சிலை மெல்லக் கடந்து போகும். சிலையின் காலடி வரை போகத்தான் வேறு படகு, அதற்குக் காசு உண்டு.

25 நிமிடத்தில் அக்கரை. அங்கே எல்லோரும் இறங்கியாக வேண்டும். சுற்றி வந்து மறுபடி ஏறிக்கொள்ளலாம். படகுத்துறை வாசலில் யாராவது டிக்கெட் நீட்டினால் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.